பாலக்கோட்டில் நாலு டயர்

தருமபுரியிலிருந்து பாலக்கோட்டுக்குச் சுமார் 25 கிலோமீட்டர். ஏப்ரல் மாதம், காலை பத்தரை மணிக்கே தார் ரோட்டில் கானல் ஓடியது. தக்காளி மண்டிப் பக்கம் பெட்டி ஏற்றிய மினி லாரிகள் வழியை அடைத்து நின்றன. ரோட்டில் நசுங்கிக் கிடந்த பழத்தின் மேல் லேசாக பிரேக் மிதித்தேன், காரின் பின்பக்கம் ஒரு சாண் வழுக்கியது. 45,000 கிலோமீட்டர் ஓடிய டயர். டயரின் பள்ளத்துக்குள் 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு சின்ன மேடு இருக்கும். பட்டன், அதாவது ரோட்டில் படும் ரப்பர் கட்டிகள், தேய்ந்து அதோடு சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. என் டயரில் முடிந்திருந்தது.

மெயின் ரோட்டிலேயே ஒரு டயர் கடை. வாசலில் அடுக்கியிருந்த டயர்களில் வெயில் நேராக விழுந்தது, தொட்டால் சுட்டது. அந்த அடுக்கிலிருந்து வாங்கக் கூடாது என்று அங்கேயே முடிவு செய்தேன். வெயில் பட்டுக்கொண்டே இருக்கும் ரப்பர் விற்பதற்கு முன்பே வயதாகிவிடும்.

கடைக்காரர் உள்ளேயிருந்து இரண்டு டயர்களை உருட்டி வந்தார். ஒன்று 7,900 ரூபாய், மற்றது 7,200. “ரெண்டும் ஒண்ணுதாங்க சார். ஒரே சைஸு, போன வாரம் வந்த சரக்கு” என்றார்.

சைஸ் ஒன்றுதான்: 195/55 ஆர்16, 87வி. 87 என்றால் ஒரு டயர் 545 கிலோ தாங்கும். வி என்றால் மணிக்கு 240 கிலோமீட்டர் வேகம் வரை. அந்த வேகத்தில் நாம் போகப்போவதில்லை. ஆனால் வேகமாக உருளும்போது ஏறும் சூட்டைத் தாங்குகிறதா என்று சோதித்துத்தான் அந்த எழுத்தைக் கொடுக்கிறார்கள். கார் கதவோரத்து ஸ்டிக்கரிலும் வி என்றே இருப்பதால் அதற்குக் கீழே இறங்க மனமில்லை.

குந்தி உட்கார்ந்து தேதியைத் தேடினேன். 7,900 ரூபாய் டயரில் 4625 என்று இருந்தது: 2025-இன் 46-ஆவது வாரம். மற்றதில் தேதி வெளிப்பக்கம் இல்லை. திருப்பிப் போடச் சொன்னேன். 1124. போன வாரம் வந்ததாகச் சொன்ன டயர் 2024 மார்ச்சில் செய்தது. “கோடவுன்ல வேற இருக்குமுங்க” என்று பையனை அனுப்பினார். வந்த மூன்றில் இரண்டு அதே 1124, ஒன்று 3025.

தேய்மான எண் 7,200 ரூபாய் டயரில் 420, 7,900 ரூபாய் டயரில் 300. எண் கூடினால் நாள்பட உழைக்கும் என்று கணக்கு. ஆனால் அந்த எண்ணை அந்தந்தக் கம்பெனியே போட்டுக்கொள்கிறது. ஒருவரின் 420-ஐ இன்னொருவரின் 300-உடன் அப்படியே ஒப்பிட முடியாது. ஈர ரோட்டுப் பிடிப்புக்கு இரண்டிலும் ‘ஏ’. அதுவும் நேராக நிறுத்தும் பிரேக்குக்கு மட்டும். வளைவைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

எனவே பட்டனைப் பார்த்தேன். 300-இல் சுண்டுவிரல் புதையும் அளவுக்கு மூன்று அகலப் பள்ளங்கள், வெளி ஓரத்தில் தடித்த கட்டிகள். 420-இல் நாலு ஒல்லிக் கோடுகள். தண்ணீரை வெளியே தள்ளுவது பள்ளம், வளைவில் பிடித்து நிற்பது ஓரக் கட்டி. புழுதி படிந்த ரோட்டில் கோடை மழையின் முதல் பத்து நிமிடம் எப்படி வழுக்கும் என்பது எனக்குத் தெரியும். சீக்கிரம் தேய்ந்தாலும் பரவாயில்லை என்று 300-ஐயே எடுத்தேன்.

பக்கத்தில் ஜாக்கியில் நின்ற வெள்ளைக் காரின் பழைய டயரில் ‘அவுட்சைடு’ என்ற எழுத்து உள்பக்கம் பார்த்திருந்தது. யாரோ எங்கோ மாற்றி மாட்டியிருக்கிறார்கள். நான் எடுத்ததிலும் அதே எழுத்து உண்டு. நாலும் சரியாக மாட்டி முடியும் வரை மெஷின் பக்கத்திலேயே நின்றேன்.

டயருக்கு 31,600 ரூபாய், அலைன்மென்ட், பேலன்ஸிங்குக்கு 900. பில்லில் டயருக்கான ஜிஎஸ்டி 18 சதவீதம். 2025 செப்டம்பர் 22-க்கு முன்பு 28 இருந்தது.

டயர் வாங்கப் போனால் அந்த நாலு இலக்கத்தை உங்கள் கண்ணால் பாருங்கள். வெளிப்பக்கம் இல்லையென்றால் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். நாலு டயரிலும் பார்த்த பிறகு பணத்தை எடுங்கள்.