சிரிக்கும் ஒக்டோபஸும் தரம் 4 பிள்ளைகளும்

கொஞ்சம் நீளமான பதிவு. உம்மா வாப்பாமார் மட்டும் நேரமெடுத்து வாசியுங்கள், மற்றவர்கள் விரும்பினால் வாசியுங்கள்.

நான் அனிமே பார்ப்பது என் மாணவர்களுக்கு ஏற்கனவே தெரியும். இப்போது ஊருக்கும் தெரியட்டும். "சேர், இந்த வயசிலயும் கார்ட்டூனா?" என்று கேட்பவர்களுக்குப் பதில்: ஆமாம், ஒவ்வொரு சீசனும்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஜப்பானில் வருடத்துக்கு நான்கு தடவை, ஜனவரி, ஏப்ரல், ஜூலை, ஒக்டோபர் மாதங்களில் புதுத் தொடர்கள் ஆரம்பிக்கும். வாரத்துக்கு ஒரு எபிசோட், பெரும்பாலும் 12, 13 எபிசோட்டில் முடியும். 2025 ஜூலையில் எங்கள் பொடியன்கள் இன்டர்வலில் பேசியது இரண்டைப் பற்றித்தான். கைஜூ நம்பர் 8, டான்டாடான். இரண்டுக்கும் அது இரண்டாவது சீசன். கைஜூவில் சண்டையை விட எனக்குப் பிடித்தது அதன் நாயகன். 32 வயது, பாதுகாப்புப் படைப் பரீட்சையில் திரும்பத் திரும்பத் தோற்று, செத்த ராட்சதங்களைத் துப்பரவு செய்யும் வேலை பார்த்தவன். டான்டாடான் படு வேகம், சிரிப்பு. ஆனால் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்க்கக்கூடியதல்ல, அவ்வளவுதான் சொல்வேன்.

நான் எழுத வந்தது அதே நேரத்தில் வந்த இன்னொன்றைப் பற்றி. "டகோபியின் ஆதிப் பாவம்". ஆறே ஆறு எபிசோட். டகோபி என்பது இளஞ்சிவப்பு நிறத்தில், பார்த்தாலே தூக்கிக் கொஞ்சத் தோன்றும் ஒக்டோபஸ் மாதிரி ஒரு வேற்றுக்கிரகப் பிராணி. உலகத்துக்குச் சந்தோஷத்தைப் பரப்ப வந்திருக்கிறதாம். தயவுசெய்து அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுச் சின்னப் பிள்ளை கையில் போனைக் கொடுத்துவிடாதீர்கள். இது பிள்ளைகளைப் பற்றிய கதை, பிள்ளைகளுக்கான கதை அல்ல.

டகோபி சந்திப்பது ஷிசுகா என்ற தரம் 4 பிள்ளையை. வகுப்பில் மரினா என்ற பிள்ளை அவளை ஒவ்வொரு நாளும் வதைக்கிறாள். ஷிசுகாவுக்கு இருக்கும் ஒரே துணை அவளுடைய நாய். டகோபிக்கோ பிரச்சினை என்ன என்றே விளங்குவதில்லை. "சண்டையா? சமாதானமாகிவிடலாம்" என்று ஒரு மாய ரிப்பனைக் கொடுக்கிறது. அதை வாங்கிக்கொண்டு போன பிள்ளை தன் உயிரையே முடித்துக்கொள்கிறாள். இது முதல் எபிசோட். அதன்பிறகு டகோபி காலத்தைப் பின்னோக்கித் திருப்பி, அவளைக் காப்பாற்ற முயன்றுகொண்டே இருக்கிறது. ஒரு தடவை ஷிசுகாவின் உருவத்தை எடுத்துக்கொண்டு அவளுக்குப் பதிலாகப் போய் அடியும் வாங்குகிறது. அப்போதுதான் அது எப்படி வலிக்கும் என்று அதற்குத் தெரிகிறது.

அந்த ரிப்பனைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்தது நம் பாடசாலைகள்தான். இரண்டு பிள்ளைகளை வகுப்புக்கு முன்னால் நிறுத்தி, "சலாம் சொல்லிக் கை கொடுங்க, இனிச் சண்டை பிடிக்கக் கூடாது" என்போம். இருவரும் கை கொடுப்பார்கள். நம் பக்கத்தில் விசயம் முடிந்தது. பாடசாலை விட்டபிறகு ரோட்டில் என்ன நடக்கிறது என்று யார் பார்த்தோம்?

மரினாவையும் கதை சும்மா கெட்டவளாக விட்டுவிடவில்லை. அவளுடைய வாப்பா வேறொரு பெண் பின்னால் போய்விட்டார். அந்தப் பெண் ஷிசுகாவின் உம்மா. மரினாவின் உம்மா ஆத்திரத்தை மகள் மேல் காட்டுகிறாள், அடிக்கிறாள். அந்த அடி அப்படியே வகுப்புக்கு வந்து ஷிசுகா மேல் இறங்குகிறது. மரினா செய்வதை இது நியாயமாக்காது. ஆனால் வகுப்பில் மற்றவனை அடிக்கிற பிள்ளையின் வீட்டையும் ஒருமுறை விசாரிக்க வேண்டும் என்று படுகிறது.

மூன்றாவது பிள்ளை அசுமா. இவனைத்தான் நம் பெற்றோர் பார்க்க வேண்டும். கெட்டிக்காரன், வகுப்புத் தலைவன், ஒழுக்கமானவன். அவனுக்கு யாரும் அடிப்பதில்லை. உம்மா அவனை நானாவோடு ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள், அவ்வளவுதான். நானா எல்லாவற்றிலும் முதல், இவன் எவ்வளவு படித்தும் போதாது. யாராவது தன்னைத் தேவை என்று சொன்னால் போதும் என்ற நிலைக்கு வந்துவிடுகிறான். அதனாலேயே பயங்கரமான ஒரு காரியத்தை மறைக்கவும் துணை போகிறான். புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும் மாதங்களில் என் முன்னால் உட்காரும் முகங்களில் நான் பல அசுமாக்களைப் பார்க்கிறேன். டியூசன் முடிந்து டியூசன், மொடல் பேப்பர் மார்க்ஸ் வந்த அன்றைக்கு வட்ஸ்அப்பில் உம்மாமார் நடத்தும் ஒப்பீடு. "தாத்தா 178 எடுத்தா, இவன் 140" என்று பிள்ளை பக்கத்தில் நிற்கும்போதே சொல்கிறோம்.

கடைசியில் அசுமாவைக் காப்பாற்றுவது எந்த மாயச் சாமானும் இல்லை. எந்த நானாவோடு ஒப்பிட்டார்களோ, அந்த நானாவே பக்கத்தில் வந்து என்ன நடந்தது என்று கேட்கிறான். கேட்டுவிட்டுத் திட்டவில்லை, உன் பக்கம் நான் இருப்பேன் என்கிறான். அந்த இடத்தில் நான் அழுதுவிட்டேன். மனைவி வந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் ரீ வைத்துவிட்டுப் போனா.

குறையும் உண்டு. ஆறு எபிசோட்டுக்குள் முடிக்க வேண்டும் என்பதால் முடிவு எனக்குக் கொஞ்சம் அவசரமாகத் தெரிந்தது. அடி, இரத்தம் எல்லாம் நேரடியாகவே வருகிறது, மனம் பாரமாக இருக்கும் நாட்களில் தொடாதீர்கள். என் கணக்கில் ஓ/எல் வயதுக்குக் கீழே யாருக்கும் காட்டவேண்டாம். பெரியவர்கள் பார்த்தவர்கள் இருந்தால் கொமன்டில் எழுதுங்கள், முக்கியமாக மரினாவின் உம்மாவைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று. எங்கள் ஸ்டாப் ரூமில் அது இன்னும் தீராத வாதம்.