பால் காய்ச்சிய பின் ஒரு மழைக்காலம்

பழைய வீடு வாங்குவோர் விலை பேசுவதில் காட்டும் நிதானத்தை, வாங்கிய வீட்டைச் செப்பனிடும் கணக்கில் காட்டுவதில்லை. விலைக்காக மாதக்கணக்கில் பேச்சு நடக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கப்படுகிறது. மூலப் பத்திரம் வக்கீலிடம் போய் வருகிறது. செப்பனிடும் செலவோ, சாவி வாங்கிய பிறகு கையில் மிஞ்சியிருப்பதைப் பார்த்துத் தீர்மானிக்கப்படுகிறது. அந்தச் செலவுக்கான பணம் விலை பேசும்போதே தனியே ஒதுக்கப்பட வேண்டும் என்பதும், அதை எதில் செலவிடுவது என்பதை வீடு ஒரு மழைக்காலத்தைக் கடந்த பிறகே முடிவு செய்ய வேண்டும் என்பதுமே இக்கட்டுரை வலியுறுத்துவது.

சென்னைப் புறநகரில் 1980களின் இறுதியில் கட்டப்பட்ட தனி வீடு ஒன்று 60 லட்சம் ரூபாய்க்கு விலைக்கு வருவதாகக் கொள்ளலாம். ரிசர்வ் வங்கியின் விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடன்களில் வீட்டின் மதிப்பில் 80 விழுக்காட்டைத் தாண்டி வங்கி கடன் தர இயலாது என்பதால், வாங்குபவர் குறைந்தது 12 லட்சத்தைக் கைப்பணமாகக் கொண்டுவர வேண்டும். அதன்மேல் முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும், 2023 ஏப்ரலில் நான்கிலிருந்து குறைக்கப்பட்ட பதிவுக் கட்டணம் 2 விழுக்காடுமாகச் சேர்ந்து 5.40 லட்சம் ஆகிறது. இந்தத் தொகையை வீட்டின் மதிப்போடு கூட்டிக் கடன் கணக்கிடுவதற்கு, 10 லட்சத்துக்கு உட்பட்ட வீடுகளைத் தவிர, மற்றவற்றுக்கு அனுமதி இல்லை. தரகு, வக்கீல் கட்டணம், ஆவண எழுத்தர் கூலி ஆகியவற்றைச் சேர்க்காமலேயே 17.40 லட்சம் கையைவிட்டுப் போய்விடுகிறது. வங்கியின் மதிப்பீட்டாளர் விலையைவிடக் குறைத்து மதிப்பிட்டுவிட்டால், அந்த இடைவெளியும் வாங்குபவர் தலையிலேயே விழும். பத்திரப் பதிவு நாளன்று பல குடும்பங்கள் கையில் காசில்லாமல் நிற்பதும், அடுத்த வாரமே டைல்ஸுக்காக நகை அடகுக்குப் போவதும் இதனால்தான்.

வரி விதியும் இதே திசையைக் காட்டுகிறது. வருமான வரியில் பழைய முறையைத் தேர்ந்தெடுப்பவர், தாம் குடியிருக்கும் வீட்டை வாங்கவோ கட்டவோ பெற்ற கடனின் வட்டியில் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். செப்பனிடுவதற்காகப் பெற்ற கடனின் வட்டிக்கோ அந்த 2 லட்சத்துக்குள்ளேயே 30,000 ரூபாய்தான் வரம்பு. செப்பனிடும் கடன் என்றே வங்கிகள் தனியாக ஒன்று வைத்திருந்தாலும், அதற்குப் பொறியாளரின் மதிப்பீடு வேண்டும், பணமும் வேலை நடக்க நடக்கத் தவணையாகவே வரும். ஆகவே கையிலுள்ள சேமிப்பு முழுவதையும் முன்பணமாகக் கட்டிக் கடனைச் சுருக்கிக்கொள்வதைவிட, கிடைக்கக்கூடிய வீட்டுக் கடனை முழுமையாகப் பெற்றுக்கொண்டு, சேமிப்பின் ஒரு பகுதியைச் செப்பனிடுவதற்கென்று வைத்திருப்பதே அறிவுடைமை.

எவ்வளவு வைத்திருப்பது என்ற கேள்விக்குச் சதுர அடிக் கணக்கு விடை தராது. புது வீட்டுக்குச் சதுர அடிக்கு இவ்வளவு என்று மேஸ்திரி சொல்வதில் பொருள் உண்டு. அங்கே எல்லாம் வெளிச்சத்தில், அடித்தளத்திலிருந்து வரிசையாக நடக்கிறது. பழைய வீட்டில் வேலையின் பாதி, பூச்சுக்கு உள்ளே இருக்கிறது. எனவே அதற்கு இனவாரி மதிப்பீடுதான் பொருந்தும்: பூச்சு வேலைக்குச் சதுர அடி, குழாய்க்கு ஓடும் அடி, மின்வேலைக்குப் பாயின்ட், அதாவது ஒரு விளக்கோ மின்விசிறியோ பிளக்கோ அமையும் இடம் ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று தனித்தனியே விலை பேசுவது. இடிப்புக் கூலியும், இடித்த ரப்பிஷை லோடு லோடாக அப்புறப்படுத்தும் வண்டிக் கூலியும் மதிப்பீட்டில் விடுபடுவது வழக்கம். மூன்றாவது மாடிக் குடியிருப்பில் மணலும் சிமென்டும் தலைச்சுமையாக ஏற வேண்டியிருந்தால் அந்தக் கூலியும் தனி.

கழிவறைக்கு மேலுள்ள பரணைப் பார்த்தால் அந்த வீட்டின் நிலை ஓரளவு விளங்கிவிடும். நல்ல கொத்தனார் அங்கே ஏறி, கரணையின் பிடியால் மேல்தளத்தின் அடிப்பக்கத்தைத் தட்டிப் பார்ப்பார். கெட்டியான இடம் கணீரென்று ஒலிக்கும். பூச்சு விட்டுப்போன இடம் பொக்கையாக ஒலிக்கும். உற்றுப் பார்த்தால், உள்ளே கம்பி ஓடும் தடத்திலேயே மயிரிழை விரிசலும், அதன் ஓரத்தில் செம்பழுப்புக் கறையும் தெரியும். இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் பல மடங்கு பெருகுகிறது. பெருகிய துரு, தன்னை மூடியிருக்கும் காங்கிரீட்டை உள்ளிருந்தே தள்ளிப் பிளக்கிறது. கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் இடையிலான இந்தக் காங்கிரீட் மூடலுக்குக் கவர் என்று பெயர். 1978ஆம் ஆண்டின் இந்தியத் தர விதி 456 தளங்களுக்கு 15 மி.மீ. கவரே போதும் என்றது. 2000இல் வந்த திருத்தம், கடலோரச் சூழலுக்கு நேரடியாக உட்படும் காங்கிரீட்டுக்கு 45 மி.மீ. வேண்டும் என்கிறது. கடற்காற்று படும் ஊரில் முப்பது, நாற்பது ஆண்டு நின்ற தளத்தின் மீது எழும் கவலைக்கு இந்த இரண்டு எண்களே காரணம் சொல்லும்.

இந்த நோய்க்கு மருந்து உண்டு. தளர்ந்த காங்கிரீட்டைக் கொத்தியெடுத்து, கம்பியின் துருவைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சு பூசி, மெலிந்துபோன கம்பிக்குத் துணைக்கம்பி சேர்த்து, பழுதுபார்ப்புக் கலவையால் மூட வேண்டும். மாறாக, விரிசலின் மேல் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்துவிட்டால் வீடு ஓராண்டு அழகாக இருக்கும். துரு தன் வேலையைத் தொடர்ந்துகொண்டிருக்கும். சீலிங்கை மறைத்து ஜிப்சம் பலகையில் ஃபால்ஸ் சீலிங் அமைப்பது அதனினும் தீங்கு. நோயைக் கண்ணால் பார்க்கும் வழியையே அது அடைத்துவிடுகிறது. நீர் இறங்குவது மொட்டைமாடியிலிருந்து என்றால், செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்ட மேல்தளமும் அதன்மேல் பதித்த தட்டோடும் எங்கே விட்டிருக்கின்றன என்று முதலில் கண்டறிய வேண்டும். பழையதன் மேலேயே புதிதாக ஓடு பதிப்பது, நலிந்த தளத்தின் மீது பாரத்தை ஏற்றுவதாகவே முடியும்.

மழைக்காலம் கணக்குக்குள் வருவது இந்த இடத்தில்தான். சென்னைக்கு ஓராண்டில் கிடைக்கும் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கொட்டுகிறது. சித்திரையில் பார்த்து வாங்கிய சுவர் காய்ந்து வெளுத்திருக்கும். அதே சுவர் கார்த்திகையில் எந்த மூலையில் ஈரம் கோக்கிறது, எந்த ஜன்னலின் சன்ஷேடு வழியே நீர் உள்ளே வருகிறது, தெருத் தண்ணீர் வாசற்படியில் எத்தனையாவது படி வரை ஏறுகிறது என்பதையெல்லாம் காட்டிவிடும். ஆடியில் குடிபுகக் கூடாது என்பதால் ஆவணி முகூர்த்தத்தைக் குறித்துக்கொண்டு, அதற்குள் தரை, சமையலறை, பெயின்ட் அனைத்தையும் முடிக்க ஆளுக்கு ஆள் கூலியை உயர்த்திக் கொடுத்து ஓடுவது, செலவையும் கூட்டி, ஐப்பசியில் அதே சுவரை மறுபடி கொத்தவும் வைக்கிறது. முகூர்த்தத்தின் புனிதத்துக்கு இதனால் குறையொன்றும் இல்லை. பால் காய்ச்சிக் குடியேறுவதற்குப் பளிங்குத் தரை வேண்டுமென்று எந்தச் சாத்திரமும் கேட்பதில்லை. குடிபுகும் முன் உயிருக்குத் தேவையான வேலைகளை மட்டும் முடித்துக்கொண்டு, மற்றவற்றைத் தை பிறந்த பின் வைத்துக்கொள்வதே பணத்துக்கும் வீட்டுக்கும் நல்லது.

உயிருக்குத் தேவையானவற்றில் மின்வேலை முதலிடம் பெறும். பழைய அலுமினிய ஒயரும் பீங்கான் ஃபியூஸும் உள்ள வீட்டில் எர்த் இணைப்பு இருக்கிறதா என்பதே ஐயத்துக்குரியது. ஆகவே புதிய எர்த் குழி, தாமிர ஒயர், ஆள்மீது மின்சாரம் பாய்ந்தால் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் கருவி ஆகியவற்றில் சிக்கனம் பார்க்கலாகாது. அடுத்தது குழாய். ஜி.ஐ. குழாயின் உட்புறம் ஆண்டுக்கணக்கில் படிந்த துருவால் அடைபட்டிருக்கும். அதை அப்படியே விட்டுவிட்டுக் குளியலறையில் விலையுயர்ந்த டைல்ஸ் பதித்தவர், குழாய் கசிந்த நாளில் அந்த டைல்ஸையே உடைக்க நேரிடும். புதிய குழாயைப் பூசி மூடும் முன், சுவரில் அளவு நாடாவை வைத்து ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்வதற்குச் செலவே இல்லை. பின்னாளில் ஆணி அடிப்பவருக்கும் பிளம்பருக்கும் அதைவிட உதவியான ஆவணம் கிடையாது.

தரை விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. பழைய மொசைக்கை உடைக்காமல் அதன்மேலேயே டைல்ஸ் ஒட்டினால் இடிப்புக் கூலி மிச்சம் என்பது உண்மைதான். ஆனால் தரை அரை அங்குலத்துக்கு மேல் உயர்வதால் கதவுகளின் அடியை இழைக்க வேண்டும். மாடிப்படியின் முதற்படி மட்டும் குட்டையாகி, அன்றாடம் ஏறி இறங்குவோரின் காலை இடறும். குளியலறைத் தரையும் அவ்வாறே உயர்ந்தால் தண்ணீர் அறைக்குள் திரும்பும். நல்ல மொசைக் தரை இருக்குமானால் அதற்குப் பாலிஷ் போட்டு வைத்துக்கொள்வது குறைந்த செலவில் அமையும் பெரிய அழகு. அந்த நாளைய கைவேலை இன்று எளிதில் கிடைப்பதுமில்லை.

மதிப்பீட்டின் கடைசி வரியில் எதிர்பாராச் செலவு என்று ஒரு தொகை இருந்தாக வேண்டும். பூச்சைத் திறந்த பிறகே தெரியவரும் பழுதுகளுக்கான அது, பழைய வீட்டைப் பொறுத்தவரை மொத்தத்தில் ஆறில் ஒரு பங்குக்குக் குறையாமல் இருப்பது பாதுகாப்பு. சனிக்கிழமைக் கூலிக்கான ரொக்கமும் தனியே இருக்க வேண்டும். கொத்தனாரும் சித்தாளும் வாரக் கூலியை நம்பி அரிசி வாங்குபவர்கள். வீட்டுக்காரரின் கடன் தவணை வங்கியில் தாமதமாவதற்கு அவர்கள் காத்திருக்க நேர்வது எந்த வகையிலும் நியாயமன்று. பெயின்ட் வேலை எல்லாவற்றுக்கும் பின்னால், சுவர் நன்றாகக் காய்ந்த மாசி, பங்குனியில் வரட்டும். அதற்குள் பணம் தீர்ந்திருந்தால், வெள்ளைப் பிரைமர் ஒரு கை அடித்து அடுத்த ஆண்டு வரை விட்டுவைப்பதால் உட்சுவருக்கு ஒரு கெடுதலும் வந்துவிடாது.