புகையைப் பிடித்த தூத்துக்குடி

சோப்புத்தூளுக்கும் கண்ணாடிக்கும் சோடா ஆஷ் என்ற வெள்ளைத் தூள் வேண்டும். தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலையில் உப்பு, அம்மோனியா, கார்பன் டை ஆக்ஸைடு மூன்றையும் சேர்த்து அதைத் தயாரிக்கிறார்கள். தூத்துக்குடியில் உப்புக்குப் பஞ்சமா? கார்பன் டை ஆக்ஸைடு தடையில்லாமல் கிடைப்பதுதான் சிக்கலாக இருந்தது.

2016-ல் அதற்கு வழி பிறந்தது. ஆலையின் நிலக்கரி கொதிகலன் விடும் புகையிலேயே அந்த வாயு இருக்கிறதே! கரக்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த இருவர் தொடங்கிய கார்பன் கிளீன் நிறுவனம் ஒரு திரவத்தைத் தந்தது. புகையை அதன் வழியே விட்டால் கார்பன் டை ஆக்ஸைடை மட்டும் பிடித்துக்கொள்ளும், சூடாக்கினால் விட்டுவிடும். பிறகு அதே திரவம் மறுபடி வேலைக்கு வரும். ஆண்டுக்கு 60,000 டன் பிடிக்கத் திட்டம். அரசு மானியம் கிடையாது. பூமியைக் காப்பாற்ற அல்ல, சொந்தத் தேவைக்காகவே செய்ததாக நிர்வாகமே சொன்னது. இப்படி உள்ளதைச் சொல்பவர்கள் குறைவு.

ஆனால், இதில் ஒரு சங்கடம். அந்த சோடா ஆஷ் கண்ணாடி உலைக்குப் போனால், பிடித்த வாயு உருகும்போது திரும்ப வெளியே வந்துவிடும். வேறு எங்கோ புதிதாக அந்த வாயுவைத் தயாரிக்காமல் மிச்சம் பிடித்ததுதான் லாபம்.

திரும்பி வராமல் பூட்டிவைத்தது நார்வே. கடலில் எண்ணெய், எரிவாயு எடுப்பவர்கள் விடும் கார்பன் டை ஆக்ஸைடுக்கு 1991-ல் அந்த நாடு வரி போட்டது. வடகடலின் ஸ்லைப்னர் வயலில் கிடைத்த எரிவாயுவில் சுமார் 9 சதவிகிதம் அந்த வாயுதான். விற்பதற்கு முன் எப்படியும் பிரித்தாக வேண்டும். காற்றில் விட்டால் வரி. ஆகவே 1996 முதல், கடலடியில் சுமார் ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் உப்புநீர் ஊறிய மணற்பாறைக்குள் செலுத்தினார்கள். ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 10 லட்சம் டன்! (விற்ற எரிவாயு ஊரார் அடுப்பில் எரிந்து விட்ட புகை இந்தக் கணக்கில் சேராது.)

இந்தியாவும் 2023-ல் கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டத்தை அறிவித்தது. ஒரு டன் உற்பத்திக்கு இவ்வளவு வாயுதான் விடலாம் என்று ஆலைகளுக்கு வரம்பு; மீறினால் காசு கொடுத்து கிரெடிட் வாங்க வேண்டும். அரியலூர் போன்ற சிமென்ட் ஊர்களுக்கு இது முக்கியம். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டாலே கார்பன் டை ஆக்ஸைடு வரும், சூரிய மின்சாரத்தால் அதை நிறுத்த முடியாது. அங்கே பிடித்துத்தான் ஆக வேண்டும். பிடிக்கும் செலவைவிட கிரெடிட் மலிவாகக் கிடைத்தால், எந்த முதலாளி கருவி வாங்குவார்?