கப்பல் விட்டுட்டுப் போயிடும்

ஆங் மோ கியோவில் குடியிருப்பவர்களுக்கு ஐரோப்பா ஒன்றும் தூரமில்லை. ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது. ஹொக்கியனில் ‘ஆங் மோ’ என்றால் செம்முடி, அதாவது வெள்ளைக்காரர். ‘கியோ’ என்ன என்பதில்தான் தகராறு. வெள்ளைக்காரர் கட்டிய பாலம் என்று ஒரு கட்சி. அதே சொல் ஹொக்கியனில் தக்காளியைக் குறிக்கும், ஆகவே இது தக்காளி ஊர் என்று இன்னொரு கட்சி. எங்கள் புளோக்குக் கீழே கோப்பிக்கடையில் இரண்டு கட்சிக்கும் ஆள் உண்டு.

அம்மா எந்தக் கட்சியிலும் இல்லை. அவருடைய அக்கறை எல்லாம் வசிப்போர் குழுவின் ஒருநாள் பயணங்கள்மேல்தான். காலை ஆறரைக்கு பஸ், ஜொகூரில் பசியாறல், ஒரு கோயில், ஒரு பிஸ்கட் கடை, சீசன் என்றால் டுரியான் தோட்டம், இரவு பத்துக்குள் வீடு. சட்டையில் ஒட்டிய ஸ்டிக்கரில் பஸ் எண். முன்னால் கொடி பிடித்து ஒருவர் நடப்பார். இதையெல்லாம் அம்மா அனுபவிக்க ஆரம்பித்து அதிக காலம் ஆகவில்லை. நாற்பது வருடத்துக்கு மேல் சிங்கப்பூரில் இருந்தும் அவர் இன்னும் பிஆர்தான். கையில் நீல ஐசி, பீரோவில் இந்தியக் கடப்பிதழ். 2023 டிசம்பர் 1ஆம் தேதியிலிருந்து இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்று மலேசியா அறிவிக்கும்வரை, நாங்கள் உட்லண்ட்ஸ் பாலத்தைத் தாண்டிப் போய் மீன் சாப்பிட்டு வருவதற்கு ஆகும் யோசனை வேறு, அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவதற்கு ஆகும் யோசனை வேறு. அப்பா இருந்தவரை, “விசா எடுத்துப் போற அளவுக்கு அங்க என்னடி இருக்கு” என்று முடித்துவிடுவார்.

போன வருடம் மே மாதம் அம்மாவை மத்தியதரைக் கடலில் ஏழு இரவு கப்பல் பயணத்துக்குக் கூட்டிப்போனேன். பார்சிலோனா, மார்செய், ஜெனோவா, ரோமுக்கான துறைமுகமான சிவிடவெக்கியா, பலெர்மோ, மால்டாவின் வலெட்டா, மறுபடி பார்சிலோனா. என் சிவப்புக் கடப்பிதழுக்கு விசா தேவையில்லை. அம்மாவுக்கு ஷெங்கன் விசா. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி, வங்கிக் கணக்கு, பயண நிரல். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. கடலில் படுத்துத் தூங்கினால் அது எந்த நாட்டுக் கணக்கு? கடைசியில் பார்சிலோனாவில் முன்னும் பின்னும் விடுதி போட்டு அதை ஸ்பெயின் கணக்காக்கினோம்.

கப்பலில் ‘கரைச் சுற்றுலா’ என்று விற்பது என்ன என்பதை அம்மா மார்செயிலேயே கண்டுபிடித்துவிட்டார். ஸ்டிக்கர், பஸ் எண், கொடிக்குப் பதிலாக எண் எழுதிய துடுப்பு மாதிரி ஒரு பலகை, கழிப்பறைக்குப் பத்து நிமிடம், கடைக்கு இருபது நிமிடம். “ஜொகூர் டூர்தான். டுரியான் மட்டும் கிடையாது” என்றார்.

ஒரு வித்தியாசம் உண்டு, அதுதான் அந்த வியாபாரத்தின் உயிர். கப்பல் ஏற்பாடு செய்த சுற்றுலா பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நீங்களாக இறங்கிச் சுற்றிவிட்டுத் தாமதமாக வந்தால் காத்திருக்காது, அடுத்த துறைமுகத்துக்கு உங்கள் செலவில் வந்து சேர வேண்டும். விற்பவர்கள் ஊரைவிட இந்தப் பயத்தையே அதிகம் விற்கிறார்கள். சிவிடவெக்கியாவிலிருந்து ரோம் எழுபது எண்பது கிலோமீட்டர். துறைமுக வாசலிலிருந்து பஸ், அங்கிருந்து ரயில் நிலையம், சில யூரோவில் வட்டார ரயில். சான் பியெத்ரோவில் இறங்கினால் வத்திக்கானுக்கு நடந்துவிடலாம். கப்பலின் பஸ்ஸில் அதே தூரத்துக்குப் பல மடங்கு விலை. நாங்கள் ரயிலில் போனோம். ஆனால் அம்மா பகல் ஒன்றரைக்கே கிளம்பச் சொல்லிவிட்டார். கப்பல் இரவுதான் கிளம்புகிறது என்று நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

“கப்பல் விட்டுட்டுப் போயிடும்டி.”

இந்த வாக்கியத்தை ஒவ்வொரு துறைமுகத்திலும் கேட்டேன். வயதான பயம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஜெனோவாவில்தான் அதன் வேர் தெரிந்தது.

ஜெனோவாவின் பழைய பயணியர் முனையத்திலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் கலாட்டா கடல் அருங்காட்சியகம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதின் தொடக்கத்திலும் அர்ஜென்டினாவுக்கும் பிரேசிலுக்கும் அமெரிக்காவுக்கும் பிழைக்கப் போன லட்சக்கணக்கான இத்தாலியர்கள் கப்பலேறிய ஊர்களில் ஜெனோவாவும் ஒன்று. அவர்கள் படுத்த கூடத்தை அங்கே மாதிரியாகச் செய்துவைத்திருக்கிறார்கள். அடுக்கடுக்கான பலகைக் கட்டில்கள், தலைமாட்டில் மூட்டை. அம்மா அதன்முன் நின்றவர் நகரவே இல்லை. “எங்க கப்பல்லயும் கீழ இப்பிடித்தான் இருந்துச்சு” என்றார்.

அம்மா சிங்கப்பூருக்கு வந்தது 1982இல், எம்.வி. சிதம்பரத்தில். எனக்கு அது தெரியும், ஆனால் தகவலாக மட்டும். 1926இல் ஓட ஆரம்பித்து, தமிழ்நாட்டுக்கும் மலாயாவுக்கும் இடையே இரண்டு மூன்று தலைமுறையை ஏற்றி இறக்கிய ரஜூலா 1973இல் ஓய்ந்தபின், அந்த வழியில் ஓடிய கப்பல் சிதம்பரம். 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள், அதோடு அந்தக் கப்பலின் கதையும் முடிந்தது. அம்மா வந்தபோது வயது இருபத்திரண்டு. கல்யாணமாகி ஆறு மாதம். அப்பா முன்னாலேயே இங்கே வந்துவிட்டார். ஊர்க்காரக் குடும்பம் ஒன்றோடு அம்மாவை அனுப்பினார்கள். பினாங்கில் கப்பல் நின்றது. மேல்தளத்திலிருந்து பார்த்தால் மலையும் கட்டடமும் தெரிந்ததாம். “ஒரு தடவ எறங்கிப் பாத்துட்டு வந்துருவோமா பெரியம்மான்னு கேட்டேன். அவங்க, பேசாம இரு, கப்பல் விட்டுட்டுப் போயிடும்னாங்க. கம்பியப் புடிச்சுக்கிட்டு நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன்.”

அவருடைய முதல் கரைச் சுற்றுலா அது. இறங்காத சுற்றுலா. அதற்குப்பின் பினாங்குக்கு அம்மா போனதில்லை.

அப்பாவின் அப்பா 1937இல் ரஜூலாவில் வந்தவர். அவர் காலத்தில் டெக் பயணிகளைச் சிங்கப்பூரில் நேரே கரையில் விடுவதில்லை. முதலில் செயிண்ட் ஜான்ஸ் தீவு. 1874இல் தொடங்கிய அந்தத் தொற்றுத்தடுப்பு நிலையத்தில் துணியை அவித்து, உடம்பைக் கழுவி, காலராவும் அம்மையும் இல்லை என்று உறுதியானபின்தான் நகரத்துக்கு விடுவார்கள். தீவிலிருந்து பார்த்தால் சிங்கப்பூர் தெரியும். தாத்தாவுக்குச் சிங்கப்பூர் முதலில் ஒரு காட்சியாகத்தான் இருந்தது. இன்றைக்கு அந்தத் தீவுக்கு மரீனா சவுத் படகுத்துறையிலிருந்து பிள்ளைகள் சோற்றுப் பொட்டலத்தோடு பிக்னிக் போகிறார்கள்.

கப்பலிலிருந்து கால் எடுத்துக் கரையில் வைப்பது சாதாரண விஷயம் என்று நமக்குத் தோன்றுவது, நம் கையில் இருக்கும் காகிதத்தால்தான். மார்செயில் நான் அம்மாவிடம் சாவர்க்கர் கதையைச் சொன்னேன். 1910 ஜூலை 8 அன்று, கைதியாக இந்தியாவுக்குக் கொண்டுபோகப்பட்ட கப்பலின் ஜன்னல் வழியே குதித்து, அந்தத் துறைமுகத்தில் நீந்திக் கரையேறினார். பிரெஞ்சுக் காவலர் பிடித்து ஆங்கிலேயரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். பிரெஞ்சு மண்ணை மிதித்தவரைத் திருப்பித் தரலாமா என்ற வழக்கு ஹேக் நகர நடுவர் மன்றம்வரை போய், 1911 பிப்ரவரியில் பிரிட்டனுக்குச் சாதகமாக முடிந்தது. அன்றைக்கு அவரை அழைத்துப்போக வேண்டிய வ.வே.சு. ஐயரும் மேடம் காமாவும் சற்றுத் தாமதமாக வந்தார்கள் என்று ஒரு கதை சாவர்க்கர் வரலாறுகளில் உண்டு. ‘குளத்தங்கரை அரசமரம்’ எழுதிய அதே ஐயர்தான். சாவர்க்கரின் பிற்கால அரசியல்பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. ஆனால் கரையில் சில நிமிடம் நின்ற அந்த ஈர உருவம் வேறு கேள்வி. அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “அந்த ஆளு கையில பாஸ்போர்ட் இருந்துருக்காதுல்ல?”

கப்பலுக்குள்ளேயே இறங்காதவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். எங்கள் மேசைக்குப் பரிமாறிய பையன் தூத்துக்குடிக்காரன். அம்மா தமிழ் என்று தெரிந்ததும் தினமும் ஊறுகாய்க்குப் பதிலாக ஏதாவது காரமாகக் கொண்டுவந்து வைப்பான். ஜெனோவா எப்படி என்று கேட்டேன். “பதினஞ்சு இருவது தடவ வந்துருக்கேன்க்கா. துறைமுகத்துக்கு வெளிய ஒரு கடையில வைஃபை நல்லா கிடைக்கும். அங்கதான் போவேன். அம்மாட்ட பேசிட்டுத் திரும்பிருவேன்.” கடலோடிகளுக்குக் கரை விடுப்பு உரிமை என்று 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை சொல்கிறது. இரண்டு வேளை உணவுக்கு இடையே கிடைக்கும் இரண்டு மணி நேரத்தில் அந்த உரிமை வைஃபை கடைவரை எட்டுகிறது.

பலெர்மோவுக்கு வந்தது ஞாயிற்றுக்கிழமை. கப்பல் ஊருக்கு நடுவிலேயே போய் நிற்கும். சுற்றுலா பஸ் எதுவும் வேண்டாம் என்று டாக்சி பிடித்து மோந்தே பெல்லெக்ரினோ மலைக்குப் போனோம். அங்கே ஒரு குகைக்குள் சாந்தா ரோசாலியாவின் கோயில். 1624இல் பலெர்மோவில் கொள்ளைநோய். துனிஸிலிருந்து வந்த கப்பல் ஒன்று கொண்டுவந்தது என்கிறார்கள். அந்தக் குகையில் கிடைத்த ரோசாலியாவின் எலும்புகளை ஊரைச் சுற்றி ஊர்வலமாகக் கொண்டுபோனபின் நோய் தணிந்தது என்பது நம்பிக்கை. அன்றிலிருந்து அவர்தான் ஊர்க்காவல். குகைக் கூரையிலிருந்து சொட்டும் நீரைத் தகர வாய்க்கால்கள் கட்டி ஓரமாக இறக்குகிறார்கள்.

பலெர்மோவில் ஈழத்தமிழர் நிறைய இருப்பதும், சைவர்களும்கூட ஞாயிறுதோறும் இந்த மலைக்கு ஏறுவதும் நான் படித்திருந்த செய்தி. அம்மாவிடம் சொல்லவில்லை. உள்ளே நுழைந்தவர், முன்வரிசையில் சேலை கட்டி நின்ற நான்கைந்து பெண்களைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தமிழோ?” என்று அவர்களில் ஒருவர்தான் முதலில் கேட்டார்.

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். அந்த அக்கா வந்து இருபத்தெட்டு வருடம். வீடுகளில் வேலை செய்கிறார். மகள் பல்கலைக்கழகத்தில். “பிளேனில கொஞ்சத் தூரம், லொறியில கொஞ்சத் தூரம், கடைசியில படகு. இரவில எங்கயோ கரையில இறக்கிவிட்டவங்கள். இத்தாலி எண்டே விடிஞ்சாப் பிறகுதான் தெரியும்.” முருகனுக்கு வைத்த நேர்த்தியை இங்கே ரோசாலியாவுக்கு வைத்தாராம். “இவவும் எங்கட அம்மன் மாதிரித்தான். வருத்தம் வந்தா இவதான்.”

அம்மா சிதம்பரம் கப்பலைப் பற்றிச் சொன்னார். பினாங்கைச் சொன்னார். என்னிடம் ஜெனோவாவில் சொன்னதைவிட விரிவாக, கம்பியின் சூடுவரை சொன்னார். அந்த அக்கா பையிலிருந்து ரோல்ஸ் எடுத்துக் கொடுத்தார்.

“கப்பல் எத்தினை மணிக்கு?” என்று அவர் கேட்டபோது நான் அம்மாவைப் பார்த்தேன். பதில் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

“அது கெடக்கு. நேரம் இருக்கு, நீங்க சொல்லுங்க” என்றார் அம்மா.

கடைசி அழைப்புக்கு முப்பத்தைந்து நிமிடம் இருக்கும்போது ஏறினோம். பயந்துகொண்டே வந்தவள் நான்தான்.

கரைச் சுற்றுலாவுக்கு எதிரான பேச்சு ஐரோப்பாவில் வலுத்துவிட்டது, நியாயமாகவே. 2021இல் இத்தாலிய அரசு வெனிஸின் ஜூதெக்கா வாய்க்காலில் பெரிய கப்பல்களுக்குத் தடை போட்டது. பார்சிலோனாவில் 2024 ஜூலையில் ஊர்க்காரர்கள் சுற்றுலாப் பயணிகள்மேல் தண்ணீர்த் துப்பாக்கி அடித்தார்கள். அங்கே கப்பல் முனையங்களை ஏழிலிருந்து ஐந்தாகக் குறைக்க 2025இல் முடிவாகியிருக்கிறது. ஆயிரக்கணக்கில் இறங்கி, நாலு மணி நேரம் நெரித்து, ஒரு காந்த பொம்மை வாங்கிவிட்டு, சாப்பாட்டுக்குக் கப்பலுக்கே திரும்பும் கூட்டத்தை எந்த ஊர்தான் விரும்பும்? எனக்கு அதில் மறுப்பில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தைப் படம் எடுத்துக் கேலி செய்யும் பதிவுகளைப் பார்க்கும்போது, துடுப்புப் பலகையின் பின்னால் அவசரமாக நடக்கும் கிழவிகளில் யார் எத்தனை வருடம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் என்று இப்போது தேடுகிறேன்.

உங்கள் அம்மாவைக் கூட்டிப்போவதாக இருந்தால் ஒன்று சொல்வேன். எல்லாத் துறைமுகத்துக்கும் திட்டம் போடாதீர்கள். ஒன்றையாவது காலியாக விடுங்கள், உட்கார ஒரு படிக்கட்டு இருந்தால் போதும்.

டிசம்பர் விடுமுறைக்குப் பினாங்குக்கு பஸ் டிக்கெட் எடுத்திருக்கிறோம், நான்கு நாள். படகில் போகலாமா, பாலத்தில் போகலாமா என்று கேட்டேன். பட்டர்வொர்த்திலிருந்து படகு வேண்டாம், பாலத்திலேயே போகலாம் என்றார் அம்மா. தண்ணிப் பக்கமிருந்து அந்த ஊரை அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டாராம்.