நான்காம் இடம்

2016 ஆகஸ்ட் 14 ஆம் திகதி ரியோ டி ஜெனிரோவில் தீபா கர்மாகர் 0.150 புள்ளியால் ஒலிம்பிக் பதக்கத்தைத் தவறவிட்டார். அவர் எடுத்தது 15.066. வெண்கலம் வென்ற சுவிட்சர்லாந்து வீராங்கனை எடுத்தது 15.216. பதக்கப் பட்டியலில் நான்காம் இடத்துக்கு இடமில்லை. ஆனாலும் இந்தியா முழுவதும் அந்த நான்காம் இடத்தைக் கொண்டாடியது. ஏன் என்று விளங்க, அவர் பாய்ந்த பாய்ச்சலைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

வோல்ட் என்பது ஓடிவந்து, துள்ளுபலகையில் மிதித்து, மேசை போன்ற கருவியில் இரு கைகளையும் ஊன்றி எழும்பி, காற்றில் சுழன்று, மறுபுறம் நிமிர்ந்து நிற்பது. எல்லாம் சில வினாடிகளில் முடிந்துவிடும். ரஷ்யாவின் யெலேனா புரதுனோவா 1999 இல் செய்துகாட்டிய பாய்ச்சலில், கை ஊன்றியபின் முன்னோக்கி இரண்டு முழுக் குட்டிக்கரணம் அடித்து இறங்க வேண்டும். முன்னோக்கிச் சுழல்வதால் இறங்கும் தரை கடைசி நொடிவரை கண்ணில் படாது. சுழற்சி குறைந்தால் கழுத்தில்தான் விழ வேண்டும். அதனால் பத்திரிகைகள் அதற்கு 'மரணப் பாய்ச்சல்' என்று பெயர் வைத்தன. அதைச் செய்து காலில் இறங்கிய பெண்களை விரல்விட்டு எண்ணலாம். அவர்களில் ஒருவர் அகர்த்தலாவைச் சேர்ந்த, தட்டைப் பாதங்களோடு பிறந்த தீபா. தரையில் உந்தி எழும்ப வேண்டிய விளையாட்டுக்குத் தட்டைப் பாதம் பெருங்குறை. ஆறு வயதிலிருந்து அந்தக் குறையோடு போராடித்தான் அவர் வளர்ந்தார். பிஸ்வேஸ்வர் நந்தி என்ற பயிற்சியாளர் கடைசிவரை அவரோடு இருந்தார்.

தீபாவைப் பற்றி நான் தேடி வாசித்ததற்குக் காரணம் என் தங்கச்சி. அவளுக்குப் பதின்மூன்று வயது. கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டு விறாந்தையில் கதிரைகளை ஒதுக்கிவிட்டுக் கரணம் அடிப்பாள். (மேடும் பள்ளமுமான கண்டியில் கரணம் அடிக்கச் சமதரை கிடைப்பதே பெரிய விஷயம்.) சிறுபிள்ளையாக இருந்தபோது எல்லாரும் கைதட்டினார்கள். இப்போது உம்மா, "பெரிய பிள்ளை ஆகிட்டாய், போதும்" என்கிறார். எங்கள் வகுப்பிலும் பத்தாம் ஆண்டு வரை ஓடியவர்கள் பலர். இப்போது ஓடுபவர்கள் இருவர். யாருக்கும் கால் முறியவில்லை. வயது வந்தது, அவ்வளவுதான்.

நம் நாட்டிலும் ஒருவர் இருக்கிறார் என்று தங்கச்சிக்குச் சொன்னேன். 2021 ஜூலை 23 ஆம் திகதி டோக்கியோ தொடக்க விழாவில் இலங்கைக் கொடியை ஏந்தியவர்கள் இருவர். ஒருவர் ஜூடோ வீரர் சாமர நுவன் தர்மவர்தன. மற்றவர் 18 வயதான மில்கா கெஹானி, ஒலிம்பிக்கில் பங்குபற்றிய முதல் இலங்கை ஜிம்னாஸ்டிக் வீராங்கனை. அந்த முறை இலங்கையிலிருந்து போனவர்களே ஒன்பது பேர்தான்.

அதே டோக்கியோவில் இன்னொரு கதையும் நடந்தது. இத்தாலியின் வனேசா ஃபெராரி 2006 இல் உலக சம்பியனானவர். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் தரைப் பயிற்சியில் வெண்கலம் வென்றவரோடு சமமான புள்ளி எடுத்தும், சமநிலையை முறிக்கும் விதியால் நான்காம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். 2016 ரியோவில் மீண்டும் நான்காம் இடம். 2017 இல் குதிகால் தசைநார் அறுந்தது. முப்பது வயதில் டோக்கியோவுக்குப் போய், 14.200 புள்ளியோடு வெள்ளி வென்றார். பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு என்று சொல்லப்படும் விளையாட்டில் முப்பது வயது என்பது எனக்கு இன்னும் நம்பமுடியாதது.

தீபாவின் பாதை இவ்வளவு நேராக இல்லை. ரியோவுக்குப் பிறகு முழங்காலில் சத்திரசிகிச்சை. 2018 இல் துருக்கியில் உலகச் சவால் கிண்ணத்தில் தங்கம். பிறகு, 2021 இல் எடுத்த மாதிரியில் தடைசெய்யப்பட்ட பொருள் இருந்ததாக 21 மாதத் தடை. தங்கச்சியிடம் இதைச் சொல்லாமல் விடலாமா என்று யோசித்தேன். சொன்னேன். தடை 2023 ஜூலையில் முடிந்தது. 2024 மே மாதம் தாஷ்கந்தில் ஆசிய சம்பியன்ஷிப் வோல்டில் தங்கம் வென்றார். அவருக்கும் அப்போது முப்பது வயது. அந்த ஒக்டோபரில் ஓய்வு பெற்றார்.

இவ்வளவும் கேட்ட உம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அந்த உடுப்போடயா?"

நம் வீடுகளில் இந்தக் கேள்விதான் முதலில் வரும். அதைச் சிறு கேள்வியாக நான் நினைக்கவில்லை. 2015 தென்கிழக்காசிய விளையாட்டில் தங்கம் வென்ற மலேசிய முஸ்லிம் பெண் ஃபரா ஆன் அப்துல் ஹாதியின் பதக்கத்தை விட அவருடைய உடுப்பைப் பற்றித்தான் அங்கு அதிகம் பேசினார்கள். ஆனால் டோக்கியோவில் ஜேர்மனியப் பெண்கள் கழுத்து முதல் கணுக்கால் வரை மூடிய உடுப்போடு போட்டியிட்டார்கள். அவர்கள் முஸ்லிம்கள் அல்லர். தங்கள் உடம்பு எவ்வளவு தெரிய வேண்டும் என்பதைத் தாங்களே தீர்மானிக்க வேண்டும் என்றார்கள். விதியும் அதை அனுமதிக்கிறது. புள்ளி குறைப்பதில்லை.

அந்தப் படத்தை உம்மாவுக்குக் காட்டினேன். உம்மா தையல் தெரிந்தவர். கைப்பேசியை வாங்கி, விரலால் பெரிதாக்கி, கையிடுக்கையும் கழுத்தையும் பார்த்தார். "உடம்போட ஒட்டித்தானே இருக்கு" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இழுபடுற துணி வேணும். மேல ஒரு சின்னப் பாவாடை வச்சுத் தைக்கலாம்" என்றார்.

தங்கச்சி துள்ளினாள். உம்மா கையை உயர்த்தினார். "பொறு மகள். பழக்கித் தாறது ஆர்? பொம்பிளையா? பாக்கிற இடத்தில ஆர் ஆர் இருப்பாங்க? பின்னேரம் ஆர் கூட்டிட்டு வாற?"

துணிக்குக் கண்டியில் கடை இருக்கிறது. மற்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் தேடி வாப்பாவும் நானும் இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறோம். விறாந்தையில் கதிரைகள் ஒதுக்கியபடியே இருக்கின்றன.