மக்ரூன் அடுப்படியில் பிராந்திக்கு ஒரு பாடம்

சிவகாசியில் அச்சகம் ஒன்றில் மெஷின் ஓட்டும் நண்பர், ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் வீட்டில் பிராந்தி சவர் கலக்குவார். பிராந்தி, எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப் பாகு, ஒரு முட்டையின் வெள்ளைக்கரு. சரக்கு அவ்வளவுதான். டாஸ்மாக் கடைகளில் பிராந்திக்குக் குறைவில்லாத தமிழ்நாட்டில் இதை முட்டை சேர்த்துக் கலப்பவர்கள் அபூர்வம். பெரு நாட்டிலோ, பிஸ்கோ என்னும் திராட்சைப் பிராந்தியில் இதே முறையில் கலக்கும் பானத்துக்குப் பிப்ரவரி முதல் சனிக்கிழமையை விழா நாளாகவே ஒதுக்கியிருக்கிறார்கள். இரண்டுக்கும் உயிர் மேலே நிற்கும் வெள்ளை நுரைதான்.

அந்த நுரையை நிற்க வைப்பதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் பக்கத்து மாவட்டத்தில் இருக்கிறார்கள். சாத்தூர், கோவில்பட்டி, எட்டயபுரம் வழியாக இருவரும் தூத்துக்குடிக்குப் போனோம், வெள்ளைக்கருவும் சர்க்கரையும் முந்திரியும் சேர்ந்த மக்ரூன் என்னும் இனிப்பைப் போடும் மாஸ்டர்களைப் பார்க்க.

பேக்கரியின் பின்கட்டில் முட்டை அட்டைகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. ஒருவர் உடைத்து உடைத்து உள்ளங்கையில் ஊற்றுகிறார். வெள்ளை விரலிடுக்கில் வழிந்து சட்டியில் இறங்குகிறது, மஞ்சள் கையிலேயே தங்குகிறது. பேச்சுக்கு நடுவிலும் அந்த விரல்கள் நிற்கவில்லை.

"மஞ்சள் ஒரு சொட்டு விழுந்தாலும் அந்தச் சட்டியத் தள்ளி வச்சிருவோம் தம்பி" என்றார் மாஸ்டர்.

காரணம் கொழுப்பு. அடிக்க அடிக்க வெள்ளைக்கருவின் புரதங்கள் சுருள் பிரிந்து, காற்றுக் குமிழ்களைச் சுற்றி வலைபோலப் பின்னிக்கொள்கின்றன. மஞ்சள்கருவின் கொழுப்போ, சட்டியில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கோ அந்தப் பின்னலுக்குள் புகுந்தால் நுரை எழும்பாது. முந்திரித் தூளைக் கடைசியில் சேர்த்து, அடிக்காமல் மெல்லப் புரட்டி விடுவதும் இதனால்தான். முந்திரியிலும் எண்ணெய் இருக்கிறது. சர்க்கரையைச் சிறுகச் சிறுகப் போடுகிறார்கள். அது குமிழ்ச் சுவரின் நீரைக் கெட்டியாக்கி நுரையைத் தாங்கும்.

பிறகு காகிதக் கூம்பு. ஒரு பிழி, ஒரு சுழற்று, கூரான நுனியோடு ஒரு மக்ரூன். தட்டு நிறைய வரிசை பிசகாமல் அதே அளவு. அடிக்கும் வேலைக்கு இயந்திரம் வந்துவிட்டது. முன்பு கையாலேயே அடித்த காலத்தில் தோள்பட்டை எரியும் என்றார்கள். பிழிவது இன்னும் கைவேலைதான். அடுப்பில் நிதானமான சூட்டில் வெகுநேரம் கிடக்கிறது. இதை வேகவைப்பது என்பதைவிட உலர்த்துவது என்பதே பொருத்தம்.

போர்ச்சுக்கீசியர் பதினாறாம் நூற்றாண்டில் தூத்துக்குடி அடங்கிய முத்துக்குளித்துறைக்கு வந்தவர்கள். பிரேசிலிலிருந்து முந்திரியை இந்தியாவுக்குக் கொண்டுவந்ததும் அவர்கள்தான். மக்ரூனையும் அவர்கள் கணக்கில் எழுதுவது ஊர் வழக்கம். ஆனால் பாதாமுக்குப் பதில் முந்திரி, தட்டை வடிவத்துக்குப் பதில் கூம்பு என்று இதை வேறொரு பண்டமாக்கியது இங்குள்ள பேக்கரித் தொழிலாளிகளின் கை. அந்தப் பெருமை அவர்களுக்கே உரியது.

ஈரக்காற்று மக்ரூனுக்கு ஆகாது என்று மாஸ்டர் சொன்னபோது நண்பர் தலையாட்டினார். மழை பிடித்தால் பட்டாசு வேலை முடங்குவதைப் பார்த்து வளர்ந்தவர் அவர். வறண்ட வானிலைதான் சிவகாசியில் தீப்பெட்டியும் பட்டாசும் வேரூன்ற உதவியது. தூத்துக்குடியிலோ கடற்காற்று. சர்க்கரை ஈரத்தை இழுக்கும் என்பதால், ஆறியதும் பையில் போட்டு வாயை ஒட்டிவிடுகிறார்கள்.

பிராந்தி விஷயத்தை நண்பர் கூச்சத்தோடு கேட்டார். மாஸ்டர் அதைத் தொழில் கேள்வியாகவே எடுத்துக்கொண்டார்: முட்டை குளிர்ச்சியாக இருக்கும்போது கருவைப் பிரி, குளிர் விட்டதும் அடி, பாத்திரத்தில் பிசுக்கு கூடாது, எலுமிச்சை நுரைக்கு நல்லது.

அதன்படி இப்போது நண்பர் வீட்டில் 60 மி.லி. பிராந்தி, 30 மி.லி. எலுமிச்சைச் சாறு, 20 மி.லி. பாகு, ஒரு வெள்ளைக்கரு. மூடியுள்ள பாத்திரத்தில் முதலில் ஐஸ் இல்லாமல் குலுக்குகிறார், நுரை அப்போதுதான் எழும்பும். பிறகு ஐஸ் போட்டு மறுபடி குலுக்கி வடிகட்டுகிறார். பச்சை முட்டையில் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும். 42.8 சதவீத பிராந்தி அதைக் கொன்றுவிடும் என்று நம்ப முடியாது. சாறும் பாகும் சேர்ந்தபின் அதன் வீரியம் பாதியளவுக்கு இறங்கிவிடுகிறது. கீறல் இல்லாத புது முட்டையை வாங்கி, ஃப்ரிட்ஜில் வைத்து, கலந்த உடனே குடித்துவிட வேண்டும். முதியவர்களும் நோயாளிகளும் வெள்ளைக்கரு சேர்க்காமல் இருப்பதே நல்லது.