சாலை உனக்கு, மலை எனக்கு

பழவங்காடியில் ஒரு தேங்காய், பொன்முடி வரை 22 கொண்டை ஊசி வளைவுகள். முப்பது ஆண்டுகளாக ஒரே வழியில் போய்வரும் இரண்டு நண்பர்கள் இந்த முறை இடம் மாறி உட்கார்ந்தார்கள்.

காலை ஆறு மணி. திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் கடைகள் இன்னும் கதவு திறக்கவில்லை. ஆனால் பழவங்காடி கணபதி கோயில் வாசலில் தேங்காய்கள் சிதறத் தொடங்கிவிட்டன. பரீட்சைக்குப் போகிற மாணவன், புதுக் கார் வாங்கியவர், வளைகுடாவுக்கு விமானம் ஏறப்போகிறவர் என்று யாராக இருந்தாலும் இங்கே ஒரு தேங்காயை ஓங்கி அடித்துவிட்டுத்தான் கிளம்புவது வழக்கம். தொலைதூரம் வண்டி ஓட்டுபவர்களுக்கு இது கிட்டத்தட்ட லைசென்ஸ் மாதிரி.

இந்தப் பிள்ளையாரே பயணம் செய்து வந்தவர். திருவிதாங்கூர் நாயர் படை வீரர்கள் பத்மநாபபுரத்தில் காவல் இருந்த காலத்தில், முறை மாறும்போது ஒருவர் அடுத்தவரிடம் அந்த விக்ரகத்தை ஒப்படைத்துவிட்டுப் போவார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறியது. படையும் வந்தது, பிள்ளையாரும் வந்தார். சமஸ்தானப் படை பின்னாளில் இந்திய ராணுவத்தில் இணைந்தது. கோயிலைக் கவனித்துக்கொள்வது இன்றும் ராணுவம்தான். 1956-இல் மாநில எல்லைகள் மாற்றி வரையப்பட்டபோது பத்மநாபபுரம் தமிழ்நாட்டுக்கு வந்தது, பிள்ளையார் கேரளத்திலேயே தங்கிவிட்டார்.

வாசலில் நிற்கும் இரண்டு பேரும் ஏறக்குறைய அப்படித்தான். இருவருக்கும் சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம், பிழைப்பு திருவனந்தபுரத்தில். ஒருவர் கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ள சாலை பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்தவர். மற்றவர் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். 1990-களின் தொடக்கத்தில் ஒரு பஜாஜ் ஸ்கூட்டரில் முதல் தடவை பொன்முடி ஏறினார்கள். பிறகு மாருதி 800, அதற்குப் பிறகு வேறு கார்கள். வண்டி மாறியதே தவிர, இருக்கை மாறியதில்லை. எப்போதும் ஓட்டுபவர் கடைக்காரர், பக்கத்தில் கணக்கர். ஓட்டுபவரே தேங்காய் உடைப்பார் என்பது அவர்களுக்குள் எழுதாத சட்டம். வளைவுகள் தொடங்கியதும் கணக்கர் தவறாமல் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: "நீ ரோட்டைப் பாரு மக்கா, மலையை நான் பாத்துக்கிடுதேன்."

இந்த முறை கடைக்காரர் தேங்காயை வாங்கி, ஒன்றும் பேசாமல் நண்பர் கையில் கொடுத்தார்.

அவருக்குக் கிளாக்கோமா. கண்ணில் அழுத்தம் கூடி, பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும் நோய். வலி இல்லாமலே வரும். நேர்ப் பார்வை பெரும்பாலும் கடைசி வரை நன்றாகவே இருக்கும். ஓரப் பார்வை முதலில் போகும். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றத்தான் மருந்து. செய்தித்தாளைக் கண்ணாடி போட்டுப் படித்துவிடுகிற கடைக்காரருக்கு, பக்கவாட்டில் வரும் ஆட்டோ தெரிவதில்லை. வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கணக்கரிடம் லைசென்ஸ் இருக்கிறது. வீட்டிலிருந்து ரயில் நிலையம், ரயில் நிலையத்திலிருந்து வீடு. அவரது ஓட்டுநர் அனுபவம் அவ்வளவுதான். மலையில் ஓட்டியதில்லை.

தேங்காய் முதல் அடியிலேயே சிதறியது. அது நல்ல சகுனம் என்று இருவரும் எடுத்துக்கொண்டார்கள்.

பொன்முடி சுமார் 60 கி.மீ. தூரம். முதலில் வருவது நெடுமங்காடு. அங்கே கோயிக்கல் கொட்டாரம் இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் உமையம்மை ராணிக்காகக் கட்டப்பட்டதாகச் சொல்லப்படும் அரண்மனை. இப்போது நாட்டார் கலைப் பொருள்களும் பழைய நாணயங்களும் வைத்திருக்கும் அருங்காட்சியகம். முப்பது ஆண்டுகளில் ஒருமுறைகூட இவர்கள் அங்கே வண்டியை நிறுத்தியதில்லை. "வரும்போது பாப்போம்" என்பார் கடைக்காரர். வரும்போது இருட்டிவிடும். அன்றும் அதையே சொன்னார். கணக்கர் ஸ்டீயரிங்கிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை ஆட்டினார்.

சுள்ளிமானூரில் தென்மலை வழியாகச் செங்கோட்டை போகிற சாலை பிரிகிறது. பொன்முடிச் சாலை விதுரை வழியாகக் கல்லாற்றுக்குப் போகிறது. பெயருக்கு ஏற்ற ஆறு. தண்ணீருக்கு அடியில் உருண்டைக் கற்கள் எண்ணிவிடலாம் போலத் தெரியும். கல்லாற்றைத் தாண்டியதும் வளைவுகள் ஆரம்பம். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுப் பலகை நட்டிருக்கிறார்கள்.

கணக்கர் முதல் வளைவை மூன்றாவது கியரில் திருப்பப் பார்த்தார். வண்டி இருமியது. "ரெண்டுக்கு மாத்து. திரும்புறதுக்கு முன்னாலேயே மாத்தணும், திரும்பும்போது இல்ல." இரண்டாவது வளைவில் ஹாரன். மூன்றாவதில் பாறைப் பக்கம் அதிகம் ஒட்டியதற்கு ஒரு அதட்டல். முப்பது வருட வித்தை ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சமாகக் கை மாறிக்கொண்டிருந்தது. கணக்கர் ஒருமுறைகூட மலையைப் பார்க்கவில்லை.

இந்தச் சாலை யாருக்கும் எதையும் உறுதி சொல்வதில்லை. 2022 மழைக்காலத்தில் 12-ஆவது வளைவருகே சாலையின் ஒரு பகுதி இடிந்து பள்ளத்தில் இறங்கியது. பொன்முடிக்குப் போக்குவரத்து சில மாதங்கள் நின்றது. இவர்களுடைய வருடாந்தரப் பயணமும் அந்த ஆண்டு நின்றது.

அந்த வளைவையும் தாண்டி மேலே ஏறும்போதுதான் பஸ் வந்தது. வளைவு முழுவதையும் அடைத்துக்கொண்டு இறங்கிய அரசு பஸ். மலைச் சாலையில் அகலம் போதாத இடத்தில், இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது விதி. ஆனால் நிறையப் பயணிகளுடன் திரும்பிக்கொண்டிருக்கும் பஸ்ஸிடம் விதியைப் பேச முடியாது. கார்தான் பின்னால் போக வேண்டும். இடப்பக்கம் பள்ளம்.

"அந்தப் பக்கம் எவ்வளவு இடம் இருக்கு, சொல்லு" என்றார் கணக்கர்.

பக்கத்து இருக்கைக்காரரின் வேலையே அதுதான். முப்பது வருடம் கணக்கர் அதைச் செய்திருக்கிறார். ஓர் அடி, அரை அடி, நிறுத்து. கடைக்காரர் கண்ணாடியைப் பார்த்தார், ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு சொன்னார்: "எனக்கு அந்தப் பக்கம் தெரியலை மக்கா."

சில நொடிகள் இருவரும் பேசவில்லை. கடைக்காரர் கதவைத் திறந்து இறங்கினார். காருக்குப் பின்னால் நடந்து போய், சாலையின் ஓரக்கோட்டுக்கு நேர் எதிரே முகம் வைத்து நின்றார். நேராக இருப்பது அவருக்குத் தெரியும். கையை உயர்த்தினார். "வா... வா... ஒடிச்சு வா... போதும்." பஸ் வாசலில் தொங்கிய கண்டக்டர் "போட்டே, போட்டே" என்று குரல் கொடுக்க, பஸ் உரசாமல் இறங்கிப் போனது. திரும்பி வந்து உட்கார்ந்தவர் கணக்கரின் கையைப் பார்த்தார். நடுங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். இருவரும் சிரித்துவிட்டார்கள்.

சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் பொன்முடி. மேலே மரங்கள் குறைந்து புல்வெளியாகிறது. மூடுபனி வருவதும் போவதுமாக இருக்கிறது. வானம் தெளிந்தால் அகத்தியர் பெயர் தாங்கிய அகஸ்தியகூடம் தெரியும், 1,868 மீட்டர். தமிழ் முனிவரின் மலை கேரளத்துப் புல்வெளியிலிருந்து தெரிவதில் இங்கே யாருக்கும் ஆச்சரியமில்லை. இரண்டு நண்பர்களும் தேநீர் குடித்தார்கள். கண்ணைப் பற்றி யாரும் பேசவில்லை.

இறங்கும்போது கணக்கருக்குப் பழகிவிட்டது. ஏறிய கியரிலேயே இறங்கினார், பிரேக்கை அழுத்திக்கொண்டே வரவில்லை. கடைக்காரருக்குச் சொல்ல ஒன்றும் இல்லாமல் போயிற்று. 22, 21, 20 என்று பலகைகளை எண்ணிக்கொண்டு வந்தவர் திடீரென்று கேட்டார்.

"ஏலே, இந்த ஓடை எப்ப வந்தது?"

கணக்கர் திரும்பிப் பார்க்கவில்லை. "ஸ்கூட்டர்ல வந்த காலத்துலேயே இருக்கு."

"பாத்ததே இல்லையே."

"நீதான் ரோட்டைப் பாத்துக்கிட்டு இருந்தியே."

கடைக்காரர் உடம்பையே திருப்பி உட்கார்ந்துகொண்டார். ஓரப் பார்வை இல்லாதவருக்கு ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் முழுதாகத் திரும்பித்தான் ஆக வேண்டும். பாறையில் வழியும் நீர், கீழே வளைந்து கிடக்கும் தாங்கள் வந்த சாலை, தேயிலைச் சரிவு என்று ஒவ்வொன்றாகக் காட்டிக் கேட்டுக்கொண்டே வந்தார். கணக்கர் பதில் சொல்லிக்கொண்டே ஓட்டினார்.

நெடுமங்காட்டில் கணக்கர் கேட்காமலே வண்டியைக் கொட்டாரத்தின் முன்னால் நிறுத்தினார். வாசல் பூட்டியிருந்தது. அன்றைய நேரம் முடிந்துவிட்டது. இருவரும் இறங்கி, பூட்டிய கதவுக்கு அப்பால் தெரிந்த ஓட்டுக் கூரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள்.

"அடுத்த தடவை முதல்ல இங்க" என்றார் கணக்கர்.

"காலையிலேயே" என்றார் கடைக்காரர், இடப்பக்கக் கதவைத் திறந்தபடி.